நாற்பத்தொன்பது விநாடி அழுகை

நாற்பத்தொன்பது விநாடி. அறுபத்திரண்டு வயதில் அழுகாச்சி பேர் சொல்லும்படி செய்தது என்று எடுத்துப் பார்த்தால் மொத்தமே அவ்வளவுதான். அதிலும் திரையில் அவள் பெயர் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

அழுகாச்சி என்பது ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வைத்த பெயர். பெயருக்கும் ஆளுக்கும் துளியும் பொருத்தம் கிடையாது. நாலு பேர் இருக்கிற அறைக்குள் அவள் நுழைந்தால் மூன்று பேர் சிரிப்பார்கள். நாலாவது ஆள் அவள் கிண்டலில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். ஆனால் மைக் முன்னால் நிறுத்தி, திரையில் ஒரு நடிகையின் முகத்தைக் காட்டி, "அழுங்க" என்று சொன்னால் போதும். மூக்கால் அழுவது ஒரு வகை, தொண்டையால் அழுவது ஒரு வகை, அடிவயிற்றிலிருந்து எடுப்பது ஒரு வகை. "மூணாவதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாது, எல்லாம் வெளிய வந்துடும்" என்பாள். நடிகைகள் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதியை இருட்டறையில் நின்று இவள் அழுது முடிப்பாள். முடித்த கையோடு கதவைத் திறந்து, "டீ வந்துச்சா இல்லையா?" என்று கேட்பாள்.

வயதானதும் அழுகை வேலை குறைந்துவிட்டது. இப்போது லிஃப்டுக்குப் பேசுகிறாள். "கதவு மூடப்படுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்." ஊரில் பாதிக் கட்டடங்களில் அது அவள் குரல்தான். "அழுதப்போ எவனும் திரும்பிப் பாக்கல. இப்ப நான் சொன்னா ஊரே விலகி நிக்குது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நாற்பத்தொன்பது விநாடி முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பதிவானது. குடும்பப் படம். ஊரே அழுத படம். வறுமையில் இருக்கும் ஒரு தாய், தன் ஐந்து வயதுப் பையனை ஒரு பெரிய வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். கேட் மூடுகிறது. அவள் வெளிச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள். கேமரா முதுகைத்தான் காட்டுகிறது, உதடு தெரியாது. உதடு தெரியாத காட்சி என்றால் குரல் கொடுப்பவருக்குக் கொண்டாட்டம், எப்படி வேண்டுமானாலும் அழலாம்.

அவள் அன்றைக்கு எப்படி அழுதாள் என்பதைச் சொல்ல ஒன்பது நாள் முன்னால் போக வேண்டும்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள். அக்காவுக்கு மூன்று முறை வயிற்றில் தங்கி, மூன்று முறையும் கலைந்திருந்தது. மூன்றாவது தடவை அக்கா ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்போது அழுகாச்சிக்கு ஏழாவது மாதம். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது உனக்குக்கா" என்று சொன்னாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். சொன்ன சொல் நிலைத்துவிட்டது. பெண் குழந்தை. பால் குடிக்கும் வரை தாயிடம் இருக்கட்டும் என்று எட்டு மாதம் வைத்திருந்தார்கள். எட்டாவது மாதத்தில் குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்தது; பால் குடிக்கும்போது சுரீரென்று கடித்தது. "கட்டெறும்பு மாதிரி கடிக்கிறா" என்று அழுகாச்சி வைத்த செல்லப் பெயர்தான் கட்டெறும்பு. அந்த வாரமே அக்காவும் அத்தானும் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, மாற்றல் கிடைத்த புது ஊருக்குப் போனார்கள். யாரும் எந்தக் காலத்திலும் குழந்தையிடம் சொல்லக் கூடாது. இது அக்கா கேட்ட ஒரே வாக்கு. அழுகாச்சி கொடுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து மைக் முன்னால் நின்றாள். கேட் மூடியது. திரையில் இருந்தவள் சுவரில் முகத்தை வைத்தாள்.

நாற்பத்தொன்பது விநாடி முடிந்ததும் ரெக்கார்டிஸ்ட் டேப்பை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "யாரும்மா அது கட்டெறும்பு? படத்துல பையனாச்சே. நீ 'அம்மாகிட்ட வந்துடுடி'ன்னு அழறியே."

"வாய் தவறிடுச்சு சார். இன்னொண்ணு எடுக்கலாம்."

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார். அவள் ரவிக்கையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது. சட்டென்று தலையைக் குனிந்து ஏதோ பட்டனைத் திருகினார். "வேண்டாம். இது மறுபடி வராது. மேல நாப்பது வயலின் உக்காரப் போகுது, எவன் காதுக்கும் வார்த்தை போகாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தியேட்டரில் கேட்டதெல்லாம் வயலின். அதற்கடியில் ஏதோ ஒரு ஓலம். என்ன சொல்லி அழுகிறாள் என்று முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ரெக்கார்டிஸ்ட் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வயலினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அழுகாச்சி.

அத்தான் இறந்ததும் அக்கா மகளோடு இதே ஊருக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு தெருதான். கட்டெறும்புக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கத்தில் ஆட்டோவில் போனாலும் பஸ்ஸில் போனாலும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே இருப்பாள். சித்தி என்றால் உயிர். பழைய படம் டிவியில் வரும்போதெல்லாம் தன்னிடம் படிக்க வருபவர்களிடம், "அந்த அழுகை எங்க சித்தி" என்று பீற்றிக்கொள்வாள். தன் செல்லப் பெயரின் கதையும் அவளுக்குத் தெரியும். அக்கா சொன்ன கதை அது. "பல்லு முளைச்ச அன்னைக்கு என்னைக் கடிச்ச பாரு, அப்ப நான் வச்ச பேரு." அக்காவுக்குப் பெயரை விட மனமில்லை, பெயர் வந்த விதத்தைச் சொல்லவும் வழியில்லை. அக்கா கடியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அழுகாச்சி ஒருநாளும் மறுத்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தாடிக்காரர் போன் செய்தார். அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள். அவர்தான் ஒலி அமைப்பாளர். "மேடம், எல்லாத்தையும் மாத்திட்டோம். அந்த அழுகைக்கு மட்டும் எங்களால மாத்து கண்டுபிடிக்க முடியல. பழைய டேப் கிடைச்சிருக்கு. உங்க அனுமதியோட அதையே வச்சுக்கலாமா? இந்தத் தடவை உங்க பேரும் போடறோம்."

அழுகாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமா வச்சுக்கங்க" என்றாள். நாற்பது வயலினும் அதோடு சேர்ந்தே வரும் என்று நினைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடம் ஒலி வேலையில் குப்பை கொட்டியவள். மேலே போட்டதை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? பெயர் போடுகிறோம் என்ற வார்த்தையில் அது மறந்துபோயிற்று.

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம், அழைப்பாளர்களுக்கான காட்சி. மூன்று டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். அழுகாச்சியே வற்புறுத்தி அக்காவையும் கட்டெறும்பையும் கூட்டிக்கொண்டு போனாள். நடுவில் கட்டெறும்பு, இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவள்.

அக்கா பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவள். ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எதையும் விடமாட்டாள். படம் ஓட ஓட அவளும் ஓடினாள்.

"பழசுல இவ தையல் மெஷினை வித்தா. இதுல போனை விக்கறா. போன் போனா ஒரு அழுகையா?"

"இந்தக் காலத்துல அதுக்குத்தாம்மா அழுவாங்க" என்றாள் கட்டெறும்பு.

"பழசுல இந்நேரம் ரெண்டு பாட்டு முடிஞ்சிருக்கும்."

"அதான் நிம்மதியா இருக்கு."

"இந்தப் பொண்ணு என்னடி பேசவே மாட்டேங்குது? முதுகைக் காட்டி நின்னுகிட்டே இருக்கு. இவளுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

"அம்மா, பழைய படத்துல அவங்க பேசிட்டே இருக்காங்க. இதுல மூச்சு விடறாங்க. எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

அழுகாச்சிக்கும் பிடித்துத்தான் இருந்தது. பழைய படத்தின் வீடு மூன்று சுவர் வைத்த செட். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். இதில் நிஜமான வீடு. குழாய் சொட்டியது, மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். 'தாடிக்காரன் கெட்டிக்காரன்' என்று அவள் மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். இசை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வைத்திருந்தான். ஐம்பதாவது நிமிடத்துக்கு மேல் அதுவும் இல்லை.

அதை அவள் கவனித்தாள். கவனித்ததும் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

திரையில் தாய் பையனை அந்த வீட்டில் விட்டாள். கேட் மூடியது. பழைய படத்தில் இந்த இடத்தில்தான் வயலின் எழும். எழவில்லை. தெரு ஓசை ஒவ்வொன்றாக அணைந்தது. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் ஏ.சி. ஓடுவது கேட்டது. அந்தத் தாய் சுவரில் முகத்தை வைத்தாள்.

முப்பத்தொரு வயது அழுகாச்சி அழ ஆரம்பித்தாள்.

தூசு தட்டித் துடைத்த மாதிரி இருந்தது குரல். மூச்சு இழுப்பது, எச்சில் விழுங்குவது, தொண்டை அடைப்பது எல்லாம் கேட்டது. அறுபத்திரண்டு வயது அழுகாச்சி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து விநாடி. இருபது. வரப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஓடுகிற படத்தை நிறுத்த எந்தப் பட்டனும் அவள் கையில் இல்லை. முப்பத்திரண்டாவது விநாடியில் அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

"கட்டெறும்பே... என் கட்டெறும்பே... அம்மாகிட்ட வந்துடுடி..."

தடாலென்று ஒரு சத்தம். கட்டெறும்பின் வலது கால் தரையை மிதித்திருந்தது. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கால் எடுக்கப்படவில்லை. மீதிப் பதினேழு விநாடியும் பிரேக்கை அழுத்திப் பிடித்தவள்போல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திரையில் "இடைவேளை" என்று விழுந்தது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன.

சுற்றிலும் ஆட்கள் எழுந்தார்கள். மூக்கு உறிஞ்சினார்கள். "என்ன ஒரு அழுகைப்பா" என்றார் ஒருவர். "கொஞ்சம் காலை எடுத்துக்கங்கம்மா" என்று ஒரு குடும்பமே இவர்களைத் தாண்டிக்கொண்டு பாப்கார்ன் வாங்கப் போயிற்று. அவர்கள் போய் முடியும்வரை கட்டெறும்பு காத்திருந்தாள்.

"சித்தி. அது நீதானே?"

அழுகாச்சி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. குரலை வைத்துப் பிழைத்தவளுக்கு, அது தேவைப்பட்ட நேரத்தில் காற்றுதான் வந்தது.

"என் பேரைச் சொல்லி எதுக்கு அழுதே? அப்ப நான் செத்தா போயிட்டேன்?"

"சீ, என்ன பேச்சுடி இது." குரல் எப்படியோ வந்துவிட்டது. "குழந்தையை நினைச்சு அழணும்னாங்க. வீட்டுல அப்ப நீதான் குழந்தை. வாயில வந்துடுச்சு."

"வந்தது சரி. 'அம்மாகிட்ட வந்துடு'ன்னு யாரு அம்மா?"

அழுகாச்சி அக்காவைப் பார்த்தாள். வாக்கு வாங்கியவள் அவள். எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியவளும் அவள்தான். முப்பத்தொரு வருடமாக அக்காவிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது: பிறந்த ஆஸ்பத்திரி, பிறந்தபோது எடை, அன்று பெய்த மழை. அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நீ அன்னைக்கு அழவே இல்லையேடி" என்றாள் அக்கா.

"அக்கா. வேண்டாம்."

"வாசல்ல நின்னு சிரிச்சே. கையாட்டினே. 'இனிமே ராத்திரி தூங்கலாம், தொல்லை விட்டுச்சு'ன்னு உன் அத்தான்கிட்ட சொன்னே. கல்நெஞ்சுக்காரி, நல்லவேளை குழந்தை என்கிட்ட வந்துச்சுன்னு அன்னைக்கு பஸ்ஸுல நினைச்சுக்கிட்டே வந்தேன். இத்தனை வருஷமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் அழுதிருந்தா நீ வாங்கியிருக்க மாட்டே."

அக்கா அதை யோசித்துப் பார்த்தாள். கிளார்க் ஆயிற்றே, நேர்மையாகத்தான் பதில் சொன்னாள். "வாங்கியிருக்க மாட்டேன்."

"அதான்."

நடுவில் இருந்தவளை இருவருமே மறந்துவிட்டார்கள். கட்டெறும்பு முதலில் அக்கா பக்கம் பார்த்தாள், பிறகு சித்தி பக்கம் பார்த்தாள். வண்டியைத் திருப்பும் முன் இரண்டு கண்ணாடியையும் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவள். திருப்பத்தான் இடம் இல்லை.

"எத்தனை மாசம்?" என்றாள்.

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எத்தனை மாசத்துல குடுத்தீங்கன்னு கேட்டேன்."

"எட்டு" என்றாள் அழுகாச்சி.

"அப்ப பல்லு முளைச்சிருந்துச்சா?"

"ரெண்டு."

கட்டெறும்பு அக்காவிடம் திரும்பினாள். "அப்ப நான் கடிச்சது யாரை?"

அக்கா மகளைப் பார்த்தாள். அந்த ஒரு கடியை இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"அவளை" என்றாள்.

விளக்குகள் அணைந்தன. பாப்கார்ன் குடும்பம் மறுபடி காலைத் தாண்டிக்கொண்டு வந்தது. அழுகாச்சி எழுந்திருக்கப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய் பேசிக்கலாம் வா."

"உக்காரு. படத்தைப் பாக்கணும்" என்றாள் கட்டெறும்பு. சித்தி என்று சேர்க்கவில்லை. அம்மா என்றும் சேர்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் அக்கா எதையும் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால் அங்கேதான் பெரிய வித்தியாசம் இருந்தது. பழைய படத்தில் தாய் அதே வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து, கடைசிவரை சொல்லாமலேயே கண்ணை மூடுவாள். மகன், "நல்ல மனுஷி" என்று சொல்லிவிட்டுப் போவான். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டும். புதுப் படத்தில் மகனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் வந்து சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்கிறான். நாலு நிமிடம் இருவரும் பேசுவதில்லை. பழையதில் சொல்லாமல் போனவள் தெய்வம். புதியதில் அவள் பதில் சொல்ல வேண்டியவள். அந்த நாலு நிமிடமும் அழுகாச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தக் காட்சிக்கு எந்த அழுகை பொருந்தும் என்று தொழில் புத்தி ஒருபக்கம் தேடிப் பார்த்தது. அவளிடம் இருந்த மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. கடைசி வரிக்கு முந்தின வரியில் அவள் பெயர் வந்து போனது. மூன்று பேரில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

வெளிக்கூடத்தில் தாடிக்காரர் ஓடி வந்தார். "மேடம், இடைவேளையில பூரா உங்க அழுகையைப் பத்தித்தான் பேச்சு. ஒரே ஒரு விஷயம். கதையில பையன், நீங்க பொண்ணைக் கூப்பிடற மாதிரி இருக்குன்னு தயாரிப்பாளர் கேக்கறார். செல்லமாச் சொல்றாங்கன்னு எனக்குப் பிடிச்சுதான் வச்சேன். ஆறு மணிக்குள்ள சொன்னா அந்த இடத்தை வெட்டிடலாம். அஞ்சாறு விநாடிதான், யாருக்கும் தெரியாது."

அழுகாச்சிக்கு வந்த முதல் எண்ணம், வெட்டுங்கள் என்பதுதான். வெள்ளிக்கிழமை ஊரே கேட்கும். அக்காவின் தெருவும் கேட்கும், பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்பார்கள். கொடுத்த வாக்கில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம். "வெட்..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் அக்கா.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"வெட்ட வேண்டாம். அது இவ பெத்த பொண்ணோட பேரு. நாந்தான் வாங்கி வளர்த்தேன்." கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "தயாரிப்பாளர் கேட்டா அப்படியே சொல்லுங்க."

தாடிக்காரர் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போய், கட்டெறும்பின் முகத்தில் வந்து நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கட்டெறும்பின் பயிற்சிக் காரின் கூரையில் மஞ்சள் பலகை, பின்கண்ணாடியில் "பழகுநர்" என்ற எழுத்து. வழக்கமாக முன் இருக்கைக்குச் சண்டை நடக்கும். அந்தப் பக்கத்துப் பிரேக்கை அழுகாச்சி வேண்டுமென்றே மிதித்துச் சிரிப்பாள். அன்று இருவரும் கதவைத் தொடாமல் வெயிலில் நின்றார்கள்.

"ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க" என்றாள் கட்டெறும்பு.

ஏறினார்கள். அவள் பெல்ட் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், கை இண்டிகேட்டருக்குப் போயிற்று, திரும்பி வந்தது. வண்டி நகரவில்லை.

"யாராவது ஏதாவது சொல்லுங்களேன். வர்றப்போ ரெண்டு பேரும் வாயை மூடாம வந்தீங்களே."

பின் இருக்கையில் அக்காவின் கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

"வலிச்சுதா?" என்று கேட்டாள் கட்டெறும்பு, கண்ணாடியைப் பார்க்காமல்.

"எது?"

"நான் கடிச்சது."

"உயிர் போச்சு" என்றாள் அழுகாச்சி.

கட்டெறும்பு வண்டியை எடுத்தாள். அக்காவை அக்காவின் வாசலிலும் அழுகாச்சியை அழுகாச்சியின் வாசலிலும் இறக்கிவிட்டாள். தான் மட்டும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், அன்று மாலை இருந்த இரண்டு வகுப்பையும் ரத்து செய்து, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். இரண்டு வீட்டிலிருந்தும் போன் வந்தது. எடுக்கவில்லை.

படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அழுகை வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கட்டெறும்பு டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒரே ஒரு டிக்கெட்.